இரண்டு தட்டலுக்கு நடுவே

ஜூன் 4

அன்புள்ள வாலு,

பதினொரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் காகிதம்.

உன் வீட்டுக்காரரின் புத்தகம் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. எங்கள் கோர்ட்டுக்கு எதிரே உள்ள கடையில் பார்த்தேன். வாங்கவில்லை, நின்றபடியே படித்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம்: 'மேற்கோள் குறிக்குள் வைத்த சொல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாம்பு. பார்க்கலாம், கடிக்காது.' இது என் வாக்கியம். நானும் அவரும் கல்லூரியில் தற்காலிக ஆசிரியர்களாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில், மழை பெய்த ஒரு மத்தியானம் நான் சொன்னது. 'கொலை செய்தேன்' என்று ஒருவன் சொன்னால் அது ஒப்புதல். அதையே நான் குறிக்குள் போட்டு, அவன் இப்படிச் சொன்னான் என்று எழுதினால் என்னைத் தூக்கில் போட முடியாது. சொல் அதேதான். குறிக்குள் போனதும் பல் போய்விடுகிறது. இதை வைத்துத்தான் நான் ஆராய்ச்சி எழுத இருந்தேன். அவருக்கு வேலை நிரந்தரமானது, எனக்கு ஆகவில்லை. நான் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிற நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். அவர் என் வாக்கியங்களோடு மேலே போனார்.

வேடிக்கை என்னவென்றால், மேற்கோள் குறியைப் பற்றிய புத்தகத்தில் என் வாக்கியத்துக்கு மட்டும் மேற்கோள் குறி இல்லை. நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த பதிப்பில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, கீழே என் பெயர். அவரிடம் கேட்டுச் சொல்.

மாடிப்படி ஏறாதே.

உன் அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் பயந்தேன். நல்ல விஷயம் எழுத நீ பேனாவை எடுக்க மாட்டாய். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்க நேரமில்லை.

மே இருபத்தெட்டாம் தேதி அவர் குளியலறையில் விழுந்துவிட்டார். தலைக்குள் ரத்தக்குழாய் கசிந்ததாம். வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. பிரிக்கத் தெம்பில்லாமல் வீட்டில் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்தேன். பத்தாம் தேதி மத்தியானம், பதின்மூன்று நாளுக்குப் பிறகு, அவர் வாயைத் திறந்தார். "பதினொரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்" என்றார். அப்படியே, பத்திரிகையைப் பார்த்துப் படிக்கிற மாதிரி. நர்ஸ் என்னைப் பார்த்து, "என்னம்மா, சார் உங்க மேல கோவமா இருக்காரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச்சு வந்ததே போதும் என்றிருந்தது.

பன்னிரண்டாம் தேதி வீட்டுக்குப் போய் உன் கடிதத்தைப் பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கிழித்த இடத்தைத் தவிர ஒட்டு ஒட்டினபடியே இருந்தது.

டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். பழைய ஞாபகம் ஏதாவது இருக்கும், இந்த நிலைமையில் மூளை கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போடும் என்றார். இருக்கலாம். வருஷக் கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்று நான் கேட்கவில்லை.

புத்தக விஷயத்தை இப்போது எப்படி அண்ணா கேட்பேன்? கோபித்துக்கொள்ளாதே. பேசும்போது இடது கை விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் கேட்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

தங்கை


ஜூன் 27

அன்புள்ள வாலு,

செய்தி படித்தேன். நீ நின்றுகொண்டே நாளைக் கழிப்பாய் என்று தெரியும், உட்காரு. அவரைப் பற்றி ஆறுதலாக எழுத எனக்கு வராது, வந்தாலும் நீ நம்ப மாட்டாய்.

ஒன்று மட்டும் சரியாகப் பார்த்து எழுது. அவர் தட்டுவது எப்போது? பேச்சுக்கு முன்பா, பின்பா? எத்தனை முறை? அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் தேதி, நேரத்தோடு குறித்து வை. டாக்டரிடம் இதைக் கேட்காதே, நீ பார்.

இங்கே வெயில். எனக்குக் குறையொன்றும் இல்லை.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கோர்ட் ஆள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அக்கறை இருக்கிறதோ இல்லையோ, தேதியும் நேரமும் வேண்டும். திட்டவில்லை, யாராவது கேட்டார்களே என்று இருக்கிறது.

நீ சொன்ன மாதிரி நோட்டு போட்டேன். முன்னால் ஒரு தட்டல். பேச்சு. பின்னால் ஒரு தட்டல். தவறவே இல்லை. நடுவில் வருவதெல்லாம் எழுத்துத் தமிழ். நாலாம் தேதி: "மேற்படி நபரை நான் முன்பின் பார்த்ததில்லை." ஆறாம் தேதி: "கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது." நேற்று, எட்டாம் தேதி, மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்துப் பத்து நிமிஷம் விடாமல் பேசினார். "சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. சாட்சி மேலும் சொல்வதாவது" என்று என்னென்னவோ. நடுவில் ஒரு முறை கனைத்தார். அண்ணா, அது அவருடைய கனைப்பு இல்லை. உன் கனைப்பு. பக்கத்தில் நீ நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தட்டாமல் சொன்னது இரண்டே வார்த்தை. ஒரு நாள் "தண்ணி." இன்னொரு நாள் "ஜன்னல்." வெயில் முகத்தில் அடித்தது, மூடச் சொன்னார்.

டாக்டர் அம்மா இன்னொன்று சொன்னார். தலைக்குள் இன்னொரு இடத்தில் குழாய் புடைத்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் சில வாரம்தான், எந்த நாளும் வெடிக்கலாம். செய்தால் பிழைக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு.

நீ எப்படி இருக்கிறாய்? இருமல் உண்டா?

தங்கை


ஜூலை 14

அன்புள்ள வாலு,

உன் நோட்டு நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சேர்ந்திருந்தால் என்னைத் தாண்டிப் போயிருப்பாய். எல்லோரும் தாண்டித்தான் போனார்கள்.

தட்டலைப் பற்றி ஒன்று: அது நரம்புக் கோளாறாக இருக்கும். அதற்கு அர்த்தம் தேடாதே. கோர்ட் பேச்செல்லாம் தினமும் பத்திரிகையில் வருவதுதான்.

எனக்கு இருமல் இல்லை. எட்டாம் தேதி மூன்று மணிக்கு, அடித்த வாக்குமூலத்தைச் சாட்சிக்கு உரக்கப் படித்துக் காட்டும்போது குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பத்து நிமிஷம் கழித்துத் தானாக வந்தது. நீதிபதி தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். தூசிதான், வேறொன்றும் இல்லை.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்.

அண்ணன்


ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் என்று ஆபரேஷனை ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலைக்கு வைத்திருக்கிறார்கள். அவர் நினைவோடு இருப்பதால் அவரிடமும் சம்மதம் கேட்பார்களாம். கேள்வி புரிகிறது, கண் அசைகிறது என்கிறார் டாக்டர் அம்மா. பதில் எந்த வடிவில் வரும் என்றுதான் எனக்குப் பயம்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். புத்தகத்துக்காக வர வேண்டாம். அவருக்காகவும் வேண்டாம். நான் இந்த வார்டில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, என் புருஷன் வாயில் என் அண்ணன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவராவது நேராக என்னோடு பேசினால் தேவலை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குரல் சரியாகிவிட்டதா?

தங்கை


ஆகஸ்ட் 2 (அனுப்பாமல் கிழித்தது)

வாலு,

உன்னிடம் பொய் சொன்னேன். தட்டுவது நரம்பு இல்லை. கல்லூரி அறையில் எங்கள் இருவருக்குள் இருந்த பழக்கம் அது. விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டல், பேச்சு, மறுபடி ஒரு தட்டல். நடுவில் வருவது பேசுகிறவனுடையது இல்லை, அடுத்தவன் வாக்கு, எடுத்துக்காட்டுகிறேன், அவ்வளவுதான் என்று அர்த்தம். பிரின்ஸிபால் மாதிரி பேசிப் பிரின்ஸிபாலையே திட்டுவோம்; இரண்டு தட்டலுக்கு நடுவே சொன்னதற்கு யாரும் பொறுப்பில்லை. உலகத்தில் எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவன் படுக்கையில் சொல்வதெல்லாம் என்னுடையவை. அந்தந்தத் தேதியில் நான் கோர்ட்டில் அடித்த வரிகள். பதினொரு வருஷமாக எனக்குப் போடாத குறியை இப்போதுதான் போடுகிறான், கட்டில் கம்பியில். உன் நோட்டைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம்.

இதையெல்லாம் நான் ஏன் டாக்டருக்கு விளக்க வேண்டும்? எனக்கு யார் எதை விளக்கினார்கள்? கத்தி வேண்டாம். போக விடு. இத்தனை வருஷம் போதும்.


ஆகஸ்ட் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பதில் போடவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி மத்தியானம் டாக்டர் அம்மா கட்டிலருகே வந்து, "சார், ஆபரேஷன் பண்ணிடலாமா? உங்களுக்கு இஷ்டமா?" என்று கேட்டார். அவர் கம்பியைத் தட்டினார். தெளிவாகச் சொன்னார்: "கத்தி வேண்டாம். போக விடு. இத்தனை வருஷம் போதும்." மறுபடி தட்டினார். டாக்டர் அம்மா இரண்டாம் முறை கேட்டார். அதே பதில். மூன்றாம் முறையும் அதே. ஒரு எழுத்து மாறவில்லை.

கேள்விக்குச் சரியான பதில், குழப்பமே இல்லை என்று டாக்டர் அம்மா கோப்பில் எழுதிவிட்டார். நோயாளியின் விருப்பத்தை மீறக் கூடாதாம். பதினெட்டாம் தேதி நான் கையெழுத்துப் போட்டு அவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம். வீட்டுக்கு என்றால் எதற்கு என்று உனக்குத் தெரியும்.

நானும் அழுதுவிட்டு, சரி, அவர் இஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் 'கத்தி' என்று சொல்லிக் கேட்டதில்லை, 'ஆபரேஷன்' என்பார். என்னோடு ஒரு நாளும் எழுத்துத் தமிழில் பேசினதில்லை. நீ இதையே படித்தவன். ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது அவருடைய பேச்சுதானா? அவர் அதை நினைத்துத்தான் சொன்னாரா? ஒரு வரி எழுது.

நேற்று உனக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எட்டு முறை எடுக்கவில்லை. ஒன்பதாவது முறை எடுத்தாய். நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டேன். நீ பேசவில்லை. மரத்தில் யாரோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரே ஒரு தட்டல். பிறகு வைத்துவிட்டாய்.

தங்கை


ஆகஸ்ட் 12

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று நேரமில்லை, மன்னித்துக்கொள். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நேற்றுக் காலை முகம் துடைத்துவிடும்போது என்னையே பார்த்தார். தட்டவில்லை. "பயமா இருக்கு" என்றார். மெதுவாக, நம் வீட்டில் பேசுகிற மாதிரி. என்னங்க, என்னங்க என்று குனிந்தேன். அதற்குள் கை கம்பிக்குப் போய்விட்டது. தட்டிவிட்டு, "கத்தி வேண்டாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, அண்ணா. வாய் பாட்டுக்குச் சொல்கிறது, கண் பாட்டுக்கு அழுகிறது.

டாக்டர் அம்மா, "பயம் எப்படியும் இருக்கும்மா. அதை வெச்சு நான் முடிவு பண்ண முடியாது" என்கிறார்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணி. அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், அது அவர் பேச்சுதான் என்று நீயும் நினைப்பதாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தங்கை


ஆகஸ்ட் 14

வாலு,

உன் முழங்காலை விசாரித்துவிட்டு ஆரம்பிப்பது முறை. இன்று வேண்டாம். வேகமாகப் படி, படித்ததும் டாக்டரிடம் ஓடு. விரைவுத் தபாலில் போடுகிறேன். பதினாறாம் தேதி உன் கையில் இருக்கும்.

அந்த மூன்று வாக்கியமும் அவருடையவை இல்லை. என்னுடையவை. ஆகஸ்ட் இரண்டாம் தேதி மத்தியானம், இதே மேஜையில், உனக்கு எழுதிய கடிதத்தில் எழுதினேன். அனுப்பவில்லை. நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். நான் தவிர யாரும் பார்க்கவில்லை. கிழித்து எத்தனை நிமிஷத்தில் அவர் சொன்னார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தட்டலைப் பற்றி நான் எழுதியது பொய். தட்டினால் அடுத்தவன் பேச்சு என்று அர்த்தம். நாங்கள் இருவரும் கல்லூரி அறையில் வைத்திருந்த குறி அது. முதல் தட்டலுக்கும் இரண்டாம் தட்டலுக்கும் நடுவில் அவர் எதைச் சொன்னாலும் அது அவர் கருத்தில்லை. இது என் பேச்சில்லை, என் பேச்சில்லை என்று ஒவ்வொரு முறையும் கம்பியில் தட்டி உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியவன் நான் ஒருவன்தான். ஜூன் மாதமே எனக்குக் கேட்டுவிட்டது.

தட்டாமல் சொன்னதுதான் அவருடையது. தண்ணி. ஜன்னல். பயமா இருக்கு.

டாக்டர் நம்ப மாட்டார். நம்பத் தேவையில்லை, செய்து பார்க்கட்டும். அவருடைய இடது கையை நீ உன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொள். விரல் எங்கேயும் படக் கூடாது. அப்புறம் கேள்வியைக் கேட்கச் சொல். தட்ட முடியாவிட்டால் என் பேச்சு வராது. வருவது அவர் பேச்சாக இருக்கும். நேரமாகலாம், ஒரு வார்த்தைதான் வரலாம். காத்திரு. ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே சொன்னால் அப்படியே விடு, அது வேறு.

இது எப்படி நடக்கிறது என்று என்னைக் கேட்காதே. குறிக்குள் போன சொல்லுக்குப் பல் இல்லை என்று சொன்னவன் நான். மழை பெய்த அந்த மத்தியானம் அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டி யார் கையில இருக்குங்கறதைப் பொறுத்ததுடா" என்றார். அந்தப் பதிலைப் புத்தகத்தில் அவர் போடவில்லை. போட்டிருந்தால் அது என் வாக்கியத்தைவிட நல்ல வாக்கியமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நீ போன் செய்தபோது பேசாமல் இருந்தது திமிர் இல்லை. இரண்டாம் தேதியிலிருந்து எனக்குக் குரல் இல்லை. கோர்ட்டில் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். விடுப்புத் தாளில் கையெழுத்து வாங்கத்தான் இன்று வரச் சொன்னார்கள். என் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து, "யாரைக் கூப்பிடறீங்க சார்? வந்ததுலேர்ந்து மேஜையைத் தட்டிட்டே இருக்கீங்க" என்றார். நான் தட்டவில்லை என்று தலையாட்டினேன். அவர் என் கையைக் காட்டினார். விரல் முட்டி சிவந்து போயிருந்தது.

இந்தக் கடிதத்தின் முதல் வரிக்கு முன்னால் நான் தட்டினேனா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரருக்கும் நினைவில்லையாம். தட்டியிருந்தால் இதை எழுதுவது யார் என்று யோசித்தேன். யோசனையைத் தொடரவில்லை. சொன்னது உண்மை, அது போதும்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. அவர் எழுந்து உட்கார்ந்தால் ஒரு நாள் வந்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகக் கேட்பேன். அதற்காவது அவர் பிழைக்க வேண்டும்.

வாக்குமூலம் என்றால் கடைசியில் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் அலுவலகத்தில் அது வெறும் தாள். பேனாவைக் கீழே கொண்டுபோனேன், இரண்டு முறை. போட்டால் 'இது அத்தனையும் என் வாக்கு' என்று சத்தியம் செய்த மாதிரி. முன்னாலோ பின்னாலோ ஒரு தட்டல் இருக்கிறதா என்று தெரியாமல் நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? கை பிடித்துக் கேட்கும் சோதனைக்கு என் பெயர் தேவையும் இல்லை. என் வார்த்தை என் பெயரில்லாமல் போனதற்காகத்தான் பதினொரு வருஷம் உன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தேன். நாலே முக்கால் ஆகிறது. தபால் எடுக்க ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுவான். கையெழுத்துப் போடாமலே மடித்து ஒட்டி இதை அனுப்பிவிடுகிறேன்.